பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரின் நரம்பு உளவியல் திறனை மதிப்பிடுவது எப்படி?

தடயவியல் மனநலப் பிரிவில், அதாவது குற்றவழக்குகளில் தொடர்புடையோரின் மனநலத்தைக் கவனிக்கும் பிரிவில், இத்தகைய மதிப்பீட்டைத் தொடங்குமுன், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் குற்றம் செய்தாரா என்பதையோ மீண்டும் செய்வாரா என்பதையோ எந்த நரம்பு உளவியல் சோதனையும் சொல்லாது. அவருடைய கவனம், நினைவாற்றல், மொழி, திட்டமிடல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் ஆகியவை எந்நிலையில் உள்ளன, அவற்றுக்கேற்பச் சிகிச்சையை எப்படி அமைக்கலாம் என்பதையே சொல்லும்.

அடுத்து வாழ்க்கை வரலாற்றை விரிவாகக் கேட்டறியுங்கள். தலைக்காயம், வலிப்பு, மது மற்றும் போதைப்பொருள் பழக்கம், பள்ளிப்படிப்பு, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடியவை என்பதால், இவற்றை விசாரிக்காமல் குறைந்த மதிப்பெண்ணைக் குற்றத்தோடு இணைப்பது பெரும்பிழை. முன்பு இத்தகைய நடத்தையே இல்லாத ஒருவரிடம் நடுவயதிலோ முதுமையிலோ அது திடீரெனத் தோன்றியிருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி மூளையை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 2003இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, 40 வயது ஆண் ஒருவரிடம் மூளையின் வலப்பக்க முன்மடலின் அடிப்பகுதியில் வளர்ந்த கட்டியுடன் சிறார்மீதான பாலியல் ஈர்ப்பு வெளிப்பட்டதையும், கட்டியை அகற்றியதும் அது மறைந்ததையும், கட்டி மீண்டும் வளர்ந்தபோது திரும்பியதையும் பதிவு செய்தது. தான் செய்வது தவறு என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தன்னைத் தடுத்து நிறுத்தும் திறன்தான் குன்றியிருந்தது. இத்தகையோர் அரிது. ஆயினும் அந்த அரிதான ஒருவரைத் தவறவிடாமல் இருப்பது நம் கடமை என்றே கருதுகிறேன்.

சோதனைகளில் வெக்ஸ்லர் நுண்ணறிவு அளவுகோல் அடித்தளமாக அமையட்டும். அதனுடன் உந்துதலை அடக்கும் திறனுக்கு ஸ்ட்ரூப் சோதனையையும், சிந்தனையை மாற்றிக்கொள்ளும் திறனுக்கு விஸ்கான்சின் அட்டைச் சோதனையையும் சேர்க்கலாம். சோதிக்கப்படுபவர் உண்மையாகவே முயன்று விடையளிக்கிறாரா என்பதைச் சோதிப்பதும் கட்டாயம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 50 வினாக்களுக்கு ஊகித்து விடையளித்தாலே ஏறக்குறைய 25 சரியாகிவிடும். அதைவிட மிகக் குறைவாகப் பெறுபவர் சரியான விடையை அறிந்தே தவிர்த்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

முடிவுகளைப் பொருள்கொள்ளும் இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. பாலியல் குற்றவாளிகள் அனைவரையும் ஒரே குழுவாகப் பார்க்கக் கூடாது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான தொகுப்பாய்வில், சிறார்களுக்கு எதிராகக் குற்றம் புரிந்தவர்கள் உயர்நிலைத் திட்டமிடல் திறன்களில் பின்தங்கியிருக்க, வயது வந்தோருக்கு எதிராகக் குற்றம் புரிந்தவர்களின் மதிப்பெண்கள் பிற வகைக் குற்றவாளிகளின் மதிப்பெண்களை ஒத்திருந்தன. சிறைவாசிகளைப் பொதுமக்களோடு மட்டும் ஒப்பிட்டால், கல்விக்குறைவும் தலைக்காயமும் ஏற்படுத்திய வேறுபாடு பாலியல் குற்றத்திற்கே உரியதாகத் தோன்றிவிடும். மேலும், குழுவின் சராசரி எதிரில் அமர்ந்திருக்கும் தனிமனிதரை விவரிப்பதில்லை. நாம் சோதிப்பவர்கள் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காணப்படும் குறைபாடு பாலியல் ஈர்ப்போடு தொடர்புடையதா, பிடிபட்டதோடு தொடர்புடையதா என்பதை இவர்களை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

அறிக்கையில் குறைபாட்டைக் குற்றத்திற்கான சாக்காக எழுதாதீர்கள்; சிகிச்சைக்குழு பயன்படுத்தக்கூடிய வழிமுறையாக மாற்றுங்கள். செயல்நினைவு (தகவலைச் சிறிதுநேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) குன்றியவருக்குச் சிகிச்சை அமர்வுகளைச் சுருக்கி, ஒவ்வொரு பாடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் படங்களின் துணையோடு பயிற்றுவிக்க வேண்டும் என்றும், உந்துதலை அடக்க இயலாதவருக்கு ஆபத்தான சூழல்களிலிருந்து விலகியிருக்க வெளிக்கண்காணிப்பு தேவை என்றும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.