கத்திரி வெயில்ல மாடித்தோட்டத்த காப்பாத்துறது எப்படி

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல தான் ஆரம்பிக்கும், ஆனா மாடில இருக்குற செடி மார்ச் கடைசிலயே வாட ஆரம்பிச்சிடும். இந்த ரெண்டு மூணு மாசம் காய் நிறைய வரணும்னு எதிர்பார்க்காதீங்க, வேர் சூடாகாம பாத்துக்கிட்டா போதும், மழை வந்ததும் செடி தானா கெளம்பிடும்.

மொதல்ல தரைய கவனிங்க. தளத்து சூடு நேரா தொட்டிக்குள்ள ஏறும், அதனால ஒவ்வொரு தொட்டிக்கும் க்ரோபேக்குக்கும் அடில ரெண்டு செங்கல் வச்சு தூக்கிடுங்க, எல்லாத்தையும் நெருக்கமா சேத்து வைங்க, ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழும். மண்ணுக்கு மேல காஞ்ச இலை, தேங்கா நாரு, கரும்பு சோகை எது கெடச்சாலும் ரெண்டு இஞ்ச் கனத்துக்கு மூடாக்கு போடுங்க, தண்டு ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட்டுடுங்க இல்லன்னா அழுகும். மத்தியானம் மூடாக்க விலக்கி விரல விட்டுப் பாருங்க, உள்ள ஈரமா சில்லுன்னு இருக்கும், மூடாக்கு இல்லாத தொட்டில கை வைக்கவே முடியாது.

ஷேட் நெட் (நிழல் வலை) வெயில்ல பாதிய மறைக்கிற 50 சதவீதம் போதும், அதுக்கு மேல போனா காய்கறிச் செடி வெளிச்சம் பத்தாம ஒல்லியா நீண்டுடும். செடி மேல படாம நல்லா உயரத்துல கட்டுங்க, காத்து போகணும்.

தண்ணிய காலைல ஏழு மணிக்குள்ள ஊத்திடுங்க. சின்ன தொட்டின்னா சாயங்காலமும் ஒரு தடவ. வெயில் ஏறின அப்புறம் ஊத்துறதா இருந்தா டேங்க் பைப்புல மொதல்ல வர்ற கொதிக்கிற தண்ணிய பக்கெட்ல புடிச்சு ஆற வச்சிட்டு ஊத்துங்க. மத்தியானம் இலை தொங்குதேன்னு பதறி திரும்பத் திரும்ப ஊத்தாதீங்க, சாயங்காலம் தானா நிமிந்துட்டா செடி நல்லா தான் இருக்கு, மண்ணு ஈரமா இருக்கும்போதே ஊத்திக்கிட்டே இருந்தா வேர் அழுகித்தான் போகும்.

தக்காளி பூ கொட்டுதுன்னு உரம் போடாதீங்க, பகல்ல 35 டிகிரி தாண்டி ராத்திரியும் சூடு குறையலன்னா மகரந்தம் சரியா வேலை செய்யாது, பூ உதிரும், அது சத்துக் குறை இல்ல. வயல்லயும் இதே கதை தான், 2023 ஜூன் ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபா தாண்டினதுக்கு வெயிலும் அப்புறம் பெஞ்ச மழையும் பெரிய காரணம். இப்போதைக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இதெல்லாம் வைங்க, தாங்கும்.

இலைக்கு அடில பொடிப்பொடியா சிவப்பா ஏதாவது ஊர்ந்து, மெல்லிசா நூலாம்படை தெரிஞ்சா அது செஞ்சிலந்தி, காஞ்ச சூட்டுல வேகமா பெருகும். இலையோட அடிப்பக்கம் தண்ணிய பீச்சி அடிங்க, அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய கொஞ்சம் சோப்பு கலந்து சாயங்காலமா தெளிங்க, பகல்ல தெளிச்சா இலை கருகிடும்.

மல்லிகைய மட்டும் நெட்டுக்குள்ள வைக்காதீங்க, அதுக்கு இது தான் சீசன்! நவம்பர் கடைசில கவாத்து (கிளைய வெட்டி விடுறது) பண்ணியிருந்தா மார்ச்லேந்து பூத்துத் தள்ளும். வியாபாரத்துல இதே விஷயம் விவசாயிக்கு அடி, கோடைல மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு மல்லி குவிஞ்சு வெல இறங்கிடும், பூ கொறையுற மார்கழி தைல தான் ஏறும். கஷ்டப்பட்டு விடியக்காலைல மொட்டு பறிக்கிறவங்களுக்கு அது ரொம்ப வேதனை, அதனால இப்ப பூ வாங்கும்போது தயவுசெஞ்சு பேரம் பேசாதீங்க.

மா, கொய்யா ஒட்டுச்செடி வாங்குறத ஆடி வரைக்கும் தள்ளிப் போடுங்க. நர்சரில நெட்டு நிழல்ல வளந்த செடி, வண்டில வெயில்ல வந்து நேரா மாடிக்குப் போனா தாங்காது. வாங்கியே ஆகணும்னா சாயங்காலமா வாங்கிட்டு வாங்க, ஒரு வாரம் நிழல்ல வச்சிட்டு, அப்புறம் காலை வெயில் மட்டும் படுற எடத்துக்கு மாத்துங்க, புதுத் துளிர் வந்த அப்புறம் தொட்டி மாத்திக்கலாம்.