பனிப்புயல் வரும் நேரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

“எத்தனை சென்டிமீட்டர் பனி கொட்டும்?” புயல் அறிவிப்பு வந்ததும் எல்லோரும் தேடுவது இந்த ஒரே எண்ணைத்தான். புயலுக்கு மூன்று நாள் இருக்கும்போதே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். புயலின் பாதை சற்று விலகினாலே பனிக்குப் பதிலாக மழை பெய்யும். இல்லையென்றால் உறைமழை. மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி உறைகுளிர் என்று இருந்தால், மழைத்துளி பட்ட இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். மரக்கிளையை முறிப்பதும் மின்கம்பியை அறுப்பதும் அந்த ஒரு சென்டிமீட்டர்தான். முழங்கால் அளவு பனியைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 28 போல இருக்கும். மூடாத தோல் அரைமணி நேரத்தில் உறையலாம். காது மடல், மூக்கு நுனி, விரல்கள்தான் முதலில் மாட்டும். வெளுத்து, மரத்துப்போன விரலைச் சூடு பறக்கத் தேய்க்காதீர்கள், அடுப்பிலும் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. மறுபடி உறையும் அபாயம் இல்லாத இடத்துக்கு வந்தபின் வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவரைப் பாருங்கள். குளிருக்கு இதமாக ஒரு பெக் என்பதும் வேண்டாத வேலை: மது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுவதால் சூடாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

இந்த ‘உணரும் குளிர்’ கணக்கு உடம்புக்குத்தான், தண்ணீர்க் குழாய்க்கு இல்லை. காற்று குழாயைச் சீக்கிரம் குளிரவைக்கும். ஆனால் சுற்றியுள்ள வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது.

மின்சாரம் போனபின் செய்யும் தவறுகள்தான் உயிரையே வாங்குபவை. ஜெனரேட்டரை கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஏதோ ஜுரம் வந்ததுபோல இருக்கும், அப்படியே தூங்கிப்போனவர் எழுந்திருக்க மாட்டார். ஜெனரேட்டர் வெளியே, வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாதபடி இருக்கட்டும். பனியில் சிக்கிய காரில் ஹீட்டர் போடுமுன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை அள்ளிப் போடுங்கள். அடைத்திருந்தால் அந்தப் புகை உள்ளேதான் வரும்.

பனி நின்று வெயில் அடித்ததும் எல்லாம் முடிந்தது என்று கிளம்புபவர்கள் உண்டு. புயலின் முதுகில்தான் பெரும்பாலும் கடுங்குளிர் ஏறி வரும். மேகமில்லாத இரவில், பனி மூடிய தரை இருக்கும் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். பகலில் உருகிய தண்ணீர் விடிவதற்குள் சாலையில் கருப்பாக உறைந்து, வெறும் ஈரம்போலத் தெரியும். மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பும் அவ்வளவாக வேலை செய்யாது. வாசலிலும் படிகளிலும் மணலைத் தூவினால் காலுக்குப் பிடிமானமாவது கிடைக்கும்.