ஸ்டீரியோ வாங்கப் போகிறீர்களா? பணத்தை முதலில் எங்கே போடுவது

கடைப் பக்கம் போவதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று ஒரு தொகையை எழுதி வைத்துவிடுங்கள். ஸ்பீக்கர், அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையர், ஒயர், ஸ்டாண்டு எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். பலர் முழுப் பணத்தையும் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குமே கொடுத்துவிட்டு, ஸ்டாண்டுக்குக் காசில்லாமல் நல்ல ஸ்பீக்கரை அலமாரிக்குள் திணித்து வைக்கிறார்கள். பாஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) குழம்பிப்போய், பாடுகிறவர் குரலே அமுங்கிவிடும், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

தொகையில் பாதி, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே, ஸ்பீக்கருக்குப் போகட்டும். இன்று சுமாரான விலையில் கிடைக்கும் ஆம்ப்ளிஃபையர்கள்கூடச் சுத்தமாக வேலை செய்கின்றன, அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பாடும், அறையும் அதோடு சேர்ந்து பாடும். சின்ன அறை என்றால், ஸ்டாண்டில் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். அதே விலைக்கு ஆளுயர ஸ்பீக்கர் கிடைக்கிறதே என்று மயங்காதீர்கள், அந்தப் பணத்தில் பெரும்பங்கு மரப்பெட்டிக்கே போயிருக்கும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) கொண்ட 5.1 செட்டும் இதே கதைதான், இரண்டு நல்ல ஸ்பீக்கருக்கான பணத்தை ஆறாகப் பிரித்தால் ஒன்றுகூடத் தேறாது.

ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸ் (பவர்) விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). காதுக்குச் சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை! அதனால் 50 வாட்ஸிலிருந்து 80 வாட்ஸுக்குத் தாவப் பணம் கொடுப்பதைவிட, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது அதே வாட்ஸுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள்: 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்ஸிலேயே தந்துவிடும். அட்டையில் பிஎம்பிஓ (கணநேர உச்சத்தைக் காட்டும் ஊதிப்பெருக்கிய எண்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஆம்ப்பிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும், அப்படிப்பட்டது என்றால் ஆம்ப் அதைத் தாங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒயருக்குச் சாதாரணச் செம்பு ஒயரே போதும். சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் போனால் 2.5. விலை உயர்ந்த ஒயர் இசையை மாற்றிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பாட்டு எங்கிருந்து வரும் என்ற கவலையும் இப்போதைக்கு வேண்டாம், கையிலிருக்கும் போனே போதும். ரெக்கார்டு பிளேயர் ஆசை இருந்தால் மட்டும் ஃபோனோ ப்ரீஆம்ப் (பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), தேயத் தேய மாற்றவேண்டிய ஊசி, இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்குவது நல்ல வழி, நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஸ்பீக்கர் கோனைச் (அதிரும் கூம்பை) சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், உதிர்ந்தால் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஆம்ப்பின் வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாடுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும், கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையாக இருந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து, உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டுகளைப் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சப்வூஃபரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.