பேரிடர் ஒத்திகை: கேஷுவாலிட்டி வாசலில் செய்யக்கூடாதவை

ஒத்திகைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது: யாருக்கு முதலில் சிகிச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிக்க நிறுத்தியவர் முதல் ஆளிடமே நின்றுவிடுவார். டிரிப் போடுவார், பிரஷர் பார்ப்பார்; அதற்குள் பின்னால் பத்து ஸ்ட்ரெச்சர் சேர்ந்துவிடும். அன்றாடம் அதுதான் சரியான வேலை என்பதால் கை தானாக அங்கே போகிறது. பயிற்சி மாற்ற வேண்டியது அந்தக் கைப்பழக்கத்தைத்தான்.

1983-இல் கலிபோர்னியாவில் உருவான ‘ஸ்டார்ட்’ என்ற தரம் பிரிக்கும் முறையில் ஒருவருக்கு அதிகபட்சம் 60 விநாடி. “நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாங்க” என்று குரல் கொடுங்கள், வந்தவர்களுக்குப் பச்சை அட்டை (லேசான காயம்). மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுப்பாதையைத் திறங்கள்: மூச்சு வந்தால் சிவப்பு (உடனடி சிகிச்சை), வராவிட்டால் கறுப்பு (இறந்தவர் அல்லது பிழைக்க வாய்ப்பில்லாதவர்). மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்). நடுவே செய்யக்கூடிய சிகிச்சை இரண்டுதான்: மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது.

கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு நகர்வது யாருக்கும் எளிதல்ல. பலர் அங்கேயே மார்பை அழுத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் கறுப்பு நோயாளிகள் இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு மட்டும் விதி வேறு: மூச்சில்லாவிட்டாலும் நாடி இருந்தால் 5 முறை மூச்சு கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு.

அட்டையைச் சட்டையில் மாட்டாதீர்கள்; துணியை வெட்டும்போது அதுவும் போய்விடும். காயமில்லாத கையில் கட்டுங்கள். கட்டிய நிறமும் நிலையானதல்ல. மஞ்சள் பகுதியில் திரும்பத் திரும்பப் பார்க்க ஒரு செவிலியர் வேண்டும். மஞ்சள் சிவப்பாவது அங்கேதான்.

அடுத்த தவறு, எல்லோரும் ஆம்புலன்ஸில் வரிசையாக வருவதாக ஒத்திகையை எழுதுவது. நிஜத்தில் லேசான காயக்காரர்கள்தான் கிடைத்த வண்டியில் ஏறி முதலில் வந்து கட்டில்களை நிரப்புவார்கள். 1995 மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு பரவிய அன்று, செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் 640 பேர் வந்தார்கள். பலர் நடந்தும் டாக்ஸியிலும் வந்தவர்கள். உடையைக் களையாமல் உள்ளே சேர்த்ததில் ஊழியர்களுக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. ரசாயன விபத்து ஒத்திகையில் உடை களைவதும் கழுவுவதும் வாசலுக்கு வெளியேதான்.

காலை 11 மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் ஒத்திகையால் பெரிய பயனில்லை. இரவு 2 மணிக்கு, டூட்டியில் இருப்பவர்களை மட்டும் வைத்து நடத்துங்கள். செல்போன்களை வாங்கி வைத்துவிட்டு, சர்ஜனையும் ரத்த வங்கியையும் எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள்.