பிடிஎஃப் பெரிதாகிறதா? உருவாக்கும்போதே குறைத்துவிடுங்கள்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை டைப் செய்து பிடிஎஃப் ஆக்கினால் 30 எம்பி வந்து நிற்கும். ஏற்ற வேண்டிய இணையதளமோ 2 எம்பிக்கு மேல் வாங்காது. உடனே பலரும் ஏதோ ஒரு கம்ப்ரஸ் தளத்தைத் தேடிப்பிடித்துக் கோப்பைப் போட்டுவிடுகிறார்கள். ஆதார் நகலும் மதிப்பெண் பட்டியலும் உள்ள கோப்பை முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்பாதீர்கள். லிப்ரே ஆபிஸிலோ வேர்டிலோ பிடிஎஃப் ஆக்கும்போதே அளவைக் குறைத்துவிடலாம்.

எழுத்தால் கோப்பு பெருப்பதில்லை. ஃபான்ட்டில்கூட நீங்கள் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும்தான் இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பிடிஎஃப்பில் சேர்க்கின்றன. இடத்தை அடைப்பது படம்தான். 12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த படம் 4000 x 3000 பிக்சல். அதைப் பக்கத்தில் 3 அங்குல அகலத்துக்குச் சுருக்கி வைத்தாலும் உள்ளே அத்தனை பிக்சலும் அப்படியே இருக்கும். திரையில் படிக்க 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும். அதாவது 3 அங்குலத்துக்கு 450 பிக்சல் அகலம். கணக்குப் போட்டால், ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு பிக்சல்தான் உண்மையில் தேவை!

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்

1. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், அதற்குள் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப். கருவிப்பட்டையில் உள்ள பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் இந்த அமைப்புகளைக் கேட்காமலே கோப்பு சேமிக்கப்படும். அதனால் மெனு வழியாகவே போங்கள்.

2. ஜெனரல் பகுதியில் இமேஜஸ் என்பதைப் பாருங்கள். ஜேபெக் கம்ப்ரஷனைத் (தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் படத்தைச் சுருக்கும் முறை) தேர்ந்தெடுத்து, குவாலிட்டியை 90-இலிருந்து 75 ஆக்குங்கள்.

3. ரெட்யூஸ் இமேஜ் ரெசொல்யூஷனில் 300 டிபிஐ இருக்கும். 150 ஆக மாற்றுங்கள். கோப்பு குறைவது முக்கியமாக இங்கேதான். அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பென்றால் மட்டும் 300-ஐத் தொடாதீர்கள்.

4. ஹைப்ரிட் பிடிஎஃப்பில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மூல ஆவணத்தையும் சேர்த்து உள்ளே வைத்துவிடும்.

5. எக்ஸ்போர்ட் அழுத்தி, வேறு பெயரில் சேமியுங்கள்.

வேர்டில்

ஒரு படத்தைக் கிளிக் செய்தால் மேலே பிக்சர் ஃபார்மட் வரும். அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்து, 150 பிபிஐ (டிபிஐ போலத்தான், ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) தேர்ந்தெடுங்கள். 'டிலீட் கிராப்டு ஏரியாஸ்' டிக் அவசியம்: நீங்கள் வெட்டி மறைத்த பகுதி அதுவரை ஆவணத்துக்குள்ளேயேதான் இருக்கும். இந்த வேலையை ஆவணத்தின் நகலில் செய்யுங்கள், குறைத்த படத்தின் பழைய தரம் திரும்பாது. பிறகு சேவ் ஆஸ் போய், பிடிஎஃப் வகையில் மினிமம் சைஸ்.

முடிந்ததும் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரிந்தால், அது ஜேபெக் வேலை. 'கா'வும் 'கர'வும் குழம்பும் அளவுக்குச் சுருக்கி என்ன பயன்? ரிப்போர்ட்டில் ஸ்கிரீன்ஷாட்தான் அதிகம் என்றால், லிப்ரே ஆபிஸின் அதே இமேஜஸ் பகுதியில் லாஸ்லெஸ் (தரம் குறையாத) கம்ப்ரஷனுக்கு மாறுங்கள். ஒரே நிறப் பரப்பு நிறைய உள்ள படங்களில் அதுவே பல நேரம் சின்னதாகவும் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறையவில்லையா? ஸ்கேன் செய்த பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்ணத்தில் எடுத்திருந்தால், கையெழுத்தும் முத்திரையும் உள்ளவற்றை 200 டிபிஐ கிரேஸ்கேலிலும் (சாம்பல் நிறச் சாயல்களில்) வெறும் எழுத்துப் பக்கங்களைக் கறுப்பு-வெள்ளையிலும் மறுபடி ஸ்கேன் செய்து சேருங்கள்.