எர்த்ஸீ படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவுக்கூட்டமான ஒரு கற்பனை உலகில் நடக்கும் மந்திரவாதிகளின் கதை, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவல் வரிசை. அதைக் கையில் எடுக்கும் பலர், வேறு மாயாஜாலக் கதைகளில் பார்த்த ஆட்களையும் சண்டைகளையும் இதற்குள்ளும் தேடுகிறார்கள். அதனால் வரும் குழப்பங்களைப் பற்றி அவரே பலமுறை எழுதியிருக்கிறார்.

முதல் தவறு, கெட் (Ged) என்ற நாயகனை வெள்ளைக்காரனாக நினைத்துக்கொள்வது. 1968இல் வந்த முதல் புத்தகத்திலேயே, ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் நண்பன் வெட்ச் அறிமுகமாகும் இடத்தில் விஷயம் தெளிவாக இருக்கிறது. கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோரும் செம்பழுப்பு நிறம். வெட்ச் இன்னும் கறுப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாக வருகிறவர்கள், முதல் அத்தியாயத்தில் ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வரும் கார்க் படையினர்தான். லெ குவின் வேண்டுமென்றேதான் இப்படி எழுதினார். வாசகர் முதலில் கெட்டோடு ஒன்றிப்போகட்டும், நிறம் அப்புறம் போகிற போக்கில் தெரியட்டும் என்பது அவர் கணக்கு. ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெளுத்துப்போனான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த குறுந்தொடரிலும் கெட் வெள்ளைக்கார இளைஞன்தான். தன்னை ஒதுக்கிவைத்துவிட்டு எடுத்தார்கள் என்று லெ குவின் அதே டிசம்பரில் ஸ்லேட் இதழில் காட்டமாக எழுதினார். பழுப்பு நிறத்து வாசகர்களான நாமும் அவனை வெள்ளையாகவே கற்பனை செய்வதுதான் வேடிக்கை.

அடுத்தது, நல்லவர் படைக்கும் கெட்டவர் படைக்கும் நடக்கும் பெரும்போரை எதிர்பார்ப்பது. அப்படி ஒன்று வரவே வராது. முதல் புத்தகத்தில் கெட் துரத்துவது தானே அவிழ்த்துவிட்ட ஒரு நிழலை. மனதின் மறைந்த பக்கத்தை ‘நிழல்’ என்று அழைத்த உளவியலாளர் கார்ல் யுங்கிடமிருந்து அதை எடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் புத்தகத்தை எழுதியபோது தான் யுங்கைப் படித்ததே இல்லை என்று லெ குவின் சொல்லியிருக்கிறார். இளவயதிலிருந்து அவர் கூடவே இருந்தவர், தாவோ மரபின் பழைய சீன ஞானி லாவோ ட்சு. மந்திரம் போட்டால் உலகத்தின் சமநிலை குலையும் என்ற பயம் கதை நெடுக இருப்பதை அங்கிருந்து பார்த்தால் புரியும்.

1972இல் மூன்றாவது புத்தகத்தோடு கதை முடிந்துவிட்டது, 1990இல் வந்த ‘தெஹானு’ பிற்பாடு ஒட்டவைத்த பெண்ணியம் என்பது இன்னொரு புகார். சக்தி இழந்த கெட், இரண்டாவது புத்தகத்தின் நாயகியாக இருந்து இப்போது பண்ணையில் வாழும் நடுவயது விதவை டெனார், தீயில் கருகிய ஒரு சிறுமி: சாகசம் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கெட்டின் ஊரான கான்ட் தீவில், பெண்களின் மந்திரத்தை வலுவற்றது, கெட்டது என்று இழித்துப் பேசும் சொலவடை முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆண்களின் நாயகக் கதை மரபில் எழுதிவந்தவர், அதே உலகத்தை அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்க்க வந்தார்.

2006இல் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனத்துக்காக கோரோ மியாசாகி எடுத்த எர்த்ஸீ படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் கவனிக்கவும். “இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம், நல்ல படம்” என்று லெ குவின் அவரிடமே சொல்லிவிட்டார். பெரும்பாலும் மூன்றாவது புத்தகத்தை ஒட்டிய கதை அது. அதனால் படம் பார்த்தாயிற்றே என்று முதல் இரண்டைத் தாண்டிப் போக வேண்டாம்.