குளவிக் கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள்

ஏற்காட்டில் புதிதாக வீடு வாங்கி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஓட்டுச் சாய்ப்பிலோ பால்கனி மூலையிலோ குளவி கட்டியதும் எனக்குப் போன் வரும். சில சமயம் போன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தோட்ட வேலையின் ஆரம்ப நாட்களில் நாங்கள் செய்த அதே தப்புகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கல் எறியக் கூடாது, கழியால் குத்தக் கூடாது என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

எது என்று பார்க்காமல் கை வைப்பது

வீட்டோரம் நாம் பார்ப்பவை பெரும்பாலும் மூன்று வகை. மண் குளவி சுவரிலும் ஜன்னல் இடுக்கிலும் பிளக் ஓட்டையிலும் ஈர மண்ணைக் கொண்டுவந்து பூசும். அது தனியாள், கூட்டைக் காப்பதற்காக ஆள்மேல் பாயாது. சில வகை பச்சைப் புழுவையும், சில வகை சிலந்தியையும் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டையிட்டு மூடிவிடும். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். உண்மையில் உள்ளே கிடக்கும் இரையைத் தின்று வளர்ந்த குளவிக் குஞ்சுதான் வெளியே வருகிறது. பிளக் ஓட்டையில் டேப் ஒட்டி வையுங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, காம்பில் தொங்கும் திறந்த கூடு. கவிழ்த்த தாமரைக் காய் போல அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கும். மரநாரைச் சுரண்டி, எச்சிலில் குழைத்துக் கட்டுவது மெலிந்த இடுப்புள்ள குளவி. கிட்டப் போனால் கூட்டின்மேல் இருப்பவை உங்கள் பக்கம் திரும்பும், சிறகைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அப்போதே பின்னால் நகர்ந்துவிட்டால் அநேகமாகக் கொட்டாது.

மூன்றாவது கதண்டு, பேப்பரில் விஷ வண்டு என்று போடுவார்களே, அது. உடம்பு பெரிது, வயிற்றில் மஞ்சள் பட்டை. மரக்கிளை, மரப்பொந்து, மண் பொந்து, கூரை அடி என்று எங்கும் கட்டும். கூட்டைச் சுற்றிக் காகிதம் போன்ற உறை, போகவர ஒரு வாசல். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

தீ வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் காவலுக்கு இருந்த பையன், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மூங்கில் நுனியில் துணி சுற்றி, பெட்ரோலில் நனைத்து, தகரச் சாய்ப்புக்கு அடியில் இருந்த கதண்டுக் கூட்டில் வைத்திருக்கிறான். "சின்னக் கூடுதானுங்கண்ணா, ஒரே நிமிஷம்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னான். ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முகமும் கழுத்தும் கொட்டு. வாசல் லைட் எரிந்துகொண்டிருந்ததால் வெளிச்சத்தைத் தேடி வந்தவை உள்ளே இருந்த அம்மாவையும் விடவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். உறை மட்டும் கருகி உதிர்ந்திருந்தது. உள்ளே மாடி மாடியாக இருந்த அடைகளில் மேல் அடை அப்படியே இருந்தது. வெள்ளை மூடி போட்ட அறைகளுக்கு நடுவே, மூடாத அறைகளில் புழுக்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. முந்தின நாள் இரைக்குப் போயிருந்த கதண்டுகள் திரும்பி வந்து கரி பிடித்த தகரத்தை மொய்த்தன. பால் ஊற்ற வந்தவரையும் கொட்டின.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஐந்தரை மணிக்குக் கூட்டம் முழுக்க வீடு திரும்பியிருக்காது. நெருப்பு உறையை எரிக்கும் நேரத்தில் உள்ளே இருப்பவை வாசல் வழியாகக் கொட்டுவதற்குத் தயாராக வெளிவரும். கீழே ஏணியில் நிற்பவர் கையில் எரியும் கழி, ஓட இடம் கிடையாது. மாசி, பங்குனியில் சேர்வராயன் மலையில் காய்ந்த சில்வர் ஓக் சருகு எப்படிப் பற்றும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தீயணைப்புக்காரர்களும் நெருப்பு வைத்துத்தானே எடுக்கிறார்கள் என்று செல்போனில் வீடியோவைக் காட்டுகிறார்கள். அவர்கள் நன்றாக இருட்டிய பிறகு, கவச உடை போட்டு, தண்ணீரைக் கையருகே வைத்துக்கொண்டு செய்கிறார்கள். லுங்கியோடு ஏணி ஏறுவதும் அதுவும் ஒன்றல்ல. ஆள் நடமாடும் இடத்தில் கதண்டு கட்டியிருந்தால் 101-க்குப் போன் போடுங்கள்.

இன்னொரு வேதனை, தீ வைக்கப்படும் கூடுகளில் பாதிக்குமேல் யாரையும் தொந்தரவு செய்யாத அந்தத் தாமரைக் காய்க் கூடுதான். அதன் ராணியைக் கொன்றால் குடும்பம் ஒழிந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. நம் ஊர்களிலும் இருக்கும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற வகையை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் ராணி சாது. ராணி இல்லாமல் போனால், கூட்டில் இருக்கும் இன்னொன்று சட்டென்று மூர்க்கமாகி, அடுத்த ராணியாகிவிடுகிறது.

கூட்டருகே ஒன்றை நசுக்குவது

விஷத்தின் வாடை மற்றவற்றுக்கு அழைப்பு. நசுக்காமல் விலகுங்கள்.

கொட்டிய பிறகு சுண்ணாம்பு தேடுவது

சுண்ணாம்பு விஷத்தை முறிக்காது, தோலை வேண்டுமானால் புண்ணாக்கும். கொடுக்கையும் தேடாதீர்கள். தேனீ போலக் குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை, அதனால்தான் ஒன்றே பலமுறை கொட்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வைத்து, விரலில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள்.

கொட்டு வாங்கியவரை அரை மணி நேரம் தனியாக விடாதீர்கள். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே 108. அந்த நிலையில் முதல் மருந்து அட்ரினலின் ஊசி, அது வீட்டில் இருக்காது. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்க எவ்வளவு நேரமாகும் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள். நிறைய கொட்டு வாங்கியவர் நன்றாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, டீ நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

குளவியே வேண்டாம் என்பது

தோட்டத்தில் முட்டைக்கோஸ் போட்டுப் பாருங்கள், குளவிகள் புழுவைப் பொறுக்கிக் கூட்டுக்குத் தூக்கிப் போவதைக் காணலாம். மரவள்ளி விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள். பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியை வெளுத்து வாங்கியபோது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்த கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அடுத்து வந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு குட்டிக் குளவியை விட்டார்கள். மரவள்ளியிலிருந்து எடுக்கும் சேலத்து ஜவ்வரிசிக்கு இவை செய்தது கொஞ்சமல்ல.

ஆரம்பத்தில் கவனிக்காமல் விடுவது

கதவுக்கு மேலே, பிள்ளைகள் ஓடும் இடத்தில் கூடு வேண்டாம் என்றால் வாரம் ஒருமுறை சாய்ப்பை அண்ணாந்து பாருங்கள். நாலைந்து அறையும் ஒரே ஒரு குளவியும் இருக்கும்போது, அது வெளியே பறந்த நேரம் பார்த்து நீளக் கழியால் காம்போடு சுரண்டிவிட்டு அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். மறுபடி வந்தால் மறுபடி சுரண்டுங்கள். பத்தடிக்கு மேலே, வழியில் இல்லாத கூட்டை அதன்பாட்டுக்கு விடுங்கள்.